மேளத்துக்குப் பின்னால் போன சீர்த்தட்டு

கடலூர் பேருந்து நிலையத்தில் ஒரு வெள்ளைக்காரர் நின்றால், அவர் எங்கே போக வேண்டும் என்பதை அவரைக் கேட்காமலே ஊர் முடிவு செய்துவிடும். பாண்டி. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அக்காவை இப்படிப் பலமுறை பாண்டி பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அவர் சிதம்பரம் என்று தெளிவாகச் சொல்லியும் ஏற்றியிருக்கிறார்கள். ஒருமுறை கண்டக்டரே அவருக்கு ஜன்னல் சீட் பிடித்துக்கொடுத்து, ஊர் வந்ததும் எழுப்பிவிடும்படி பக்கத்து ஆளிடம் ஒப்படைத்திருக்கிறார். அக்கா கண் விழித்தது பாண்டியில். அங்கே ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தவர், மாடிப்படி ஏறும்போது என்னைப் பார்த்து, "பாண்டி நல்லா இருக்குடி" என்றார்.

அந்த 'டி'க்கு ஒரு காரணம் இருந்தது. அக்கா நியூசிலாந்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். எங்கள் வீட்டு நிலைப்படி எதிலும் குனியாமல் நுழைய முடியாத உயரம். செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நாடு நாடாகப் போய், போன இடத்தில் கையில் கிடைத்த தொண்டைச் செய்துகொண்டு இருப்பவர். ஓர் ஊரில் ஆட்டுப்பண்ணை, இன்னொரு ஊரில் கடற்கரையில் ஆமை முட்டைக்குக் காவல். சுனாமிக்கு இரண்டு வருடம் கழித்து, தேவனாம்பட்டினம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்குப் படம் வரையவும் இங்கிலீஷ் பேசவும் சொல்லித்தர வந்தார். மூன்று மாதம் என்று வந்தவர் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டார். அவர் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த இங்கிலீஷைவிடப் பிள்ளைகள் அவருக்குக் கற்றுக்கொடுத்த தமிழ் ஜாஸ்தி. அது முழுக்கப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசும் தமிழ். அதில் 'வாங்க', 'போங்க' கிடையாது. தபால்காரரிலிருந்து என் கணவர் வரை எல்லாரும் டா.

மாடிக்குக் குடிவந்த புதிதில் ஒருநாள் என் மாமியாரைப் பார்த்து, "சாப்டியாடி?" என்று கேட்டார். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தையின் கை அப்படியே நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் முழுக்க மாடியில் உட்கார்ந்து மரியாதைத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் காலையில் அக்கா படியிறங்கி வந்து, பரீட்சை ஒப்பிக்கிற மாதிரி, "அம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். அத்தை ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, உள்ளே வந்து என்னிடம் சொன்னார்.

"அது பாட்டுக்குப் பேசட்டும், நீ ஒண்ணும் திருத்தாத. எங்கம்மா போனப்பறம் என்னை டி போட்டுக் கூப்புட ஒரு ஆளு இல்ல."

இதைக் கேட்டு நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். ஆனால் நான் அப்படிப்பட்டவள் இல்லை. அத்தை உண்மையாகவே சொன்னாரா, எனக்காகப் பொறுத்துக்கொள்கிறாரா என்று ஒரு வாரம் யோசித்தேன். கல்யாணமாகி நாலு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்று நானே முன்கூட்டிப் பயந்துகொள்வேன். மகள் பிறந்த பிறகு அந்தப் பயம் இரட்டிப்பாகிவிட்டது. தண்ணீரை இரண்டு தரம் கொதிக்கவைப்பேன். அவள் தும்மினால் டாக்டருக்குப் போன் செய்வேன். செய்துவிட்டு, எதற்குச் செய்தோம் என்று வெட்கப்படுவேன்.

அப்படிப்பட்டவளுக்கு மகளின் காதுகுத்து வந்தது.

காது குத்துவது ஒற்றைப்படை வயதில்தான். அவளுடைய முதல் வயதில் மொட்டை மட்டும் போட்டோம். காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். என் ஒரே தம்பி அப்போதுதான் சிங்கப்பூர் போயிருந்தான். வரட்டும் என்று விட்டோம். இப்போது மூன்றாவது வயது. அதுவும் முடியப்போகிறது. விட்டால் ஐந்துதான். தம்பிக்கு லீவு கிடைத்து, டிக்கெட் போட்டு, கடைசியில் கம்பெனி லீவை ரத்து செய்துவிட்டது. அவனுக்குப் பதிலாகக் கீரப்பாளையத்தில் இருக்கும் என் பெரியம்மா மகன் வருவதாக ஏற்பாடு. அந்த அண்ணன் சிதம்பரம் போய், அங்கே தனியாக இருக்கும் என் அம்மாவையும் சீரையும் அழைத்துக்கொண்டு நேராகத் திருவந்திபுரம் வந்துவிட வேண்டும். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் போன் வந்தது. அண்ணனுக்கு அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே கிளம்ப முடியாது.

அத்தை, தன் அண்ணன் மகன் எப்படியும் விசேஷத்துக்கு வருகிறான், அவன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிடலாம் என்றார். நியாயமான யோசனை. கோபமோ குத்தலோ அதில் இல்லை. நானும் "சரிங்க அத்தை" என்றேன். சொல்லிவிட்டுச் சமையலறையில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்பா போன பிறகு என் பிறந்த வீடு என்பது அம்மாவும் தம்பியும்தான். மகளின் விசேஷத்தில் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள என் பக்கத்து ஆள் ஒருவர் வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரு ஆசை. அதைச் சொன்னால் அத்தை என்ன நினைப்பாரோ என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது சரியா என்று அதற்கும் யோசித்தேன்.

சீரையும் அம்மாவையும் அழைத்துவர ஆள் வேண்டுமே. அம்மாவுக்கு மூட்டுவலி. என் கணவருக்கு ஆபீசில் ஆடிட். படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "நா போறேன்டா" என்றார்.

முதல்நாள் என் கணவரே அவரைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கண்டக்டர் என் கணவரிடம் இரண்டு தரம் கேட்டாராம்: "சிதம்பரந்தானா சார்? பாண்டி இல்லியா?"

சாயங்காலம் அம்மாவின் போன் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அம்மாவின் குரலில் அப்படி ஒரு குதூகலம். அக்காவோடு கீழ வீதிக்குப் போய்க் குழந்தைக்கு வளையல் வாங்கினார்களாம். கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டதாம். யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, "நம்ம வூட்டுப் பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டு நடந்தாராம். வீட்டுக்கு வந்து இருவரும் ஒரேயடியாகப் பேச்சாம். எந்த மொழியில் என்று கேட்டேன்.

"அது அதோட பாஷையில, நா என் பாஷையில. பசி தாங்காத புள்ள. அஞ்சு தோசை சாப்ட்டுது."

விசேஷ நாள் வெள்ளிக்கிழமை, நல்ல முகூர்த்தம். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் குத்தி முடிக்க வேண்டும். முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெருமாள் கோயிலுக்கு எதிரே உள்ள மலைமேல் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கல்யாணங்கள். ஒரு மாப்பிள்ளை தாலி கட்டி எழுவதற்குள் அடுத்த மாப்பிள்ளை உட்காரத் தயாராக நிற்பார். கெடிலத்துப் பாலத்திலிருந்து கோயில் வரைக்கும் வேன். படியில் ஏறுகிற கூட்டம், இறங்குகிற கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நாதஸ்வரம், ஒரு தவில்.

நாங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூடத்தில் ஜமக்காளம் விரித்துக் காத்திருந்தோம். என் பையில் பஞ்சு, டெட்டால், காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், பிளாஸ்கில் வெந்நீர். ஆசாரியிடம் ஊசியை வெந்நீரில் போட்டு எடுத்தாரா என்று கேட்டேன். போட்டேன் என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைக் கூடத்தின் மறுகோடிக்கு அழைத்துப் போனார்.

அம்மாவும் அக்காவும் வந்து இறங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. தாய்மாமன் சீர் மேளத்தோடுதான் வர வேண்டும். என் கணவர் நாங்கள் பேசியிருந்த மேளக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். தோடும் வளையலும் பட்டுப்பாவாடை சட்டையும் வைத்த தட்டு அக்காவின் கையில். பூவும் பழமும் அம்மாவிடம். என் கணவர் அக்காவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார். "அக்கா, மேளத்துக்குப் பின்னாடியே வந்துடுங்க." சொல்லிவிட்டு மாலை வாங்கப் போய்விட்டார்.

எங்கள் மேளம் கம்பீரமாக வாசித்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தது. எல்லாரும் எழுந்து நின்றோம். மேளத்துக்குப் பின்னால் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, மூச்சிரைக்க, பூத்தட்டோடு அம்மா மட்டும் வந்தார்.

"அது வரலியா? எனக்கு முன்னாடி போச்சே."

அத்தை கடிகாரத்தைப் பார்த்தார். அத்தையின் அண்ணன் மகன் சட்டையைக் கழற்றி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக இருந்தான். நல்ல பையன். அவனைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. தோடு இல்லாவிட்டால் காதுகுத்து இல்லை. சீர் இல்லாவிட்டால் என் வீட்டிலிருந்து ஒன்றுமே இல்லை. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "யாராச்சும் பாண்டி பஸ்ஸுல ஏத்தி உட்டுட்டாங்களா?" என்றார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன். மலைப்படியின் அடியில் நின்று பார்த்தால் நாலு மேளம் மேலே போகிறது, மூன்று கீழே வருகிறது. பூக்காரம்மாவிடம் கேட்டேன். "ஒசரமா, செவப்புப் பொடவை கட்டிக்கிட்டு? மேல போனாங்களே. நடையே சாமி ஊர்வலம் மாதிரி இருந்துது." படியில் ஒரு கல்யாணக் கூட்டத்தில் கேட்டேன். அக்காவோடு போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். மேலே போனதாகச் சொன்னார்கள். அடுத்த கூட்டமும் போட்டோ எடுத்திருந்தது. இப்படியே போட்டோக்களைப் பிடித்துக்கொண்டு மலையேறினேன். மகளுக்கு இதெல்லாம் கொண்டாட்டமாக இருந்தது. ஒவ்வொரு மேளம் கடக்கும்போதும் கைதட்டினாள்.

மேலே, ஒரு மணவறைக்குப் பக்கத்தில், பெண்வீட்டு அத்தைகள் சித்திகள் நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தார். நெற்றியில் குங்குமம், தலையில் யாரோ வைத்துவிட்ட மல்லிகை, கையில் தாம்பூலப் பை. எங்கள் தட்டு அந்தக் கல்யாணத்தின் சீர்த்தட்டுகளோடு வரிசையாக, கல்கண்டுக்கும் தேங்காய்க்கும் நடுவில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அக்கா முகம் மலர்ந்து, பக்கத்தில் இடம் ஒதுக்கி, "வாடி, ஏன் லேட்டு?" என்றார்.

ஒரு சின்னக் காதுகுத்துக்கு இத்தனை கூட்டமா என்று அவருக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்ததாம். என்னையும் குழந்தையையும் காணவில்லையே என்றும் யோசித்தாராம். ஆனால் மேளத்துக்குப் பின்னாடியே போகச் சொன்னார்கள், போனார். அந்தக் கல்யாணத்திலும் யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. பெண்வீட்டார் அவரை மாப்பிள்ளையின் கம்பெனி ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பாடம் நடத்தியவர் என்று நினைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்து விருந்தாளியை நீங்கள் யார் என்று கேட்டால் மரியாதையாக இருக்குமா? இரண்டு பக்கமும் போட்டி போட்டு உபசரித்திருக்கிறார்கள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் பெண்ணின் சித்தி வாயைப் பொத்திக்கொண்டார். "சின்னப் புள்ள பாவாடை எதுக்குன்னு நாங்களே பேசிக்கிட்டோம். சீக்கிரம் ஒரு பொண் கொழந்தை பொறக்கணும்னு ஆசீர்வாதம் பண்றாங்கன்னு நெனைச்சோம். பொண்ணு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிச்சி."

நான் தட்டை எடுக்கப் போனேன். அந்த அம்மாள் முகம் மாறியது. கையைப் பிசைந்தார். தடுக்கவில்லை. ஆனால் மணவறையிலிருந்து அந்தப் பெண், தலை குனிந்திருந்தபடியே, ஓரக்கண்ணால் அந்தக் குட்டிப் பாவாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணப்பெண் கண்ணில் ஒற்றிக்கொண்ட குழந்தைத் துணியை அவள் எதிரிலேயே எப்படி எடுத்துக்கொண்டு போவது? எடுக்காவிட்டால் என் மகளுக்குப் புதுத்துணி? அத்தை கேட்டால் என்ன சொல்வது? அம்மா கேட்டால்? மணி பத்தேகால்.

தோட்டையும் வளையலையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். பாவாடை சட்டையைத் தட்டோடு அங்கேயே வைத்துவிட்டேன். சித்தி என் கன்னத்தைத் தடவி, ஒரு பை நிறைய லட்டு கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு என்ன குழந்தை பிறந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போதும் சில நாள் நினைத்துக்கொள்வேன்.

பிறகு நாங்கள் இறங்கிய வேகம் இருக்கிறதே. அக்கா என் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, நீளக் கால்களால் இரண்டிரண்டு படியாக இறங்கினார். எதிரே வந்த மேளங்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. என் மகள் அவர் தலையிலிருந்த மல்லிகையைப் பிடித்துக்கொண்டு, "வேகமா, வேகமா" என்று கத்தினாள். நான் லட்டுப் பையோடு பின்னால் ஓடினேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. கூடத்துக்குள் நுழையும்போதும் சிரித்துக்கொண்டேதான் நுழைந்தேன்.

அத்தை ஒன்றும் கேட்கவில்லை. "உக்காருங்க, உக்காருங்க, நேரம் ஆவுது" என்றார். அத்தையின் அண்ணன் மகன் மணையில் உட்கார்ந்து கையை நீட்டினான். என் மகள் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். பிரிக்கப் பிரிக்க இறுகினாள். கூடத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அந்த இரைச்சலில், நான் யோசிப்பதற்கு முன்பே, என் வாய் சொல்லிவிட்டது.

"அக்கா மடியிலயே உக்காரட்டும் அத்தை. எங்கம்மா வூட்ல தங்கி, எங்கம்மா வூட்டுச் சீரத் தூக்கிக்கிட்டு வந்தவங்க. எங்க வூட்டு ஆளுதான்."

யோசனை சொன்னவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று வாயைத் திறந்தேன். அத்தை ஆசாரி பக்கம் திரும்பினார்.

"ஏன் ஆசாரி, பொம்பள மடியில வச்சிக் குத்தலாமா?"

"எனக்குக் காது ஆடாம இருந்தாப் போதும்மா."

அத்தை தன் அண்ணன் மகனைப் பார்த்தார். "எந்திரிடா. மாமன் வந்தாச்சி."

அவன் பெரிய நிம்மதியோடு எழுந்தான். அவன் மூன்று வயதுக் குழந்தைகளைக் கண்டு பயப்படுகிறவன் என்று அப்போதுதான் தெரிந்தது. அக்கா மணையில் உட்கார்ந்தார். முழங்கால்கள் இரண்டும் கோபுரம் மாதிரி எழுந்து நின்றன. தாய்மாமனுக்கு என்று வாங்கி வைத்திருந்த வேட்டி துண்டை அத்தையே எடுத்து வந்தார். துண்டை அக்காவின் தலையில் உருமாலாகக் கட்டி, மாலை போட்டார். கட்டும்போது அக்கா அண்ணாந்து அத்தையிடம், "நா மாமாவாடி?" என்று கேட்டார். அத்தை, "ஆமாண்டி" என்றார். அந்த வீட்டில் அத்தை யாரையும் டி போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

ஆசாரி ஒரு காதைக் குத்தினார். மகள் என்ன நடந்தது என்று யோசிப்பதற்குள் மறு காதையும் குத்தினார். அவள் அழுதாள், அவளைவிட அக்கா அழுதார். நான் டெட்டாலைத் திறக்க மறந்துவிட்டேன். பழைய கவுன், புதுத்தோடு, வாய் நிறைய ஊரார் கல்யாணத்து லட்டு. அந்தப் போட்டோவில் என் மகள் இப்படித்தான் இருக்கிறாள். பாவாடை எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள். கதையைச் சொன்னேன். அத்தை, "நல்ல காரியம்" என்றார். அவ்வளவுதான். இதற்கா மலைமேல் தட்டின் முன்னால் நின்று அவ்வளவு பயந்தோம் என்று இருந்தது.

தம்பி போன் செய்தான். என் கணவர் ஸ்பீக்கரில் போட்டார். மடியில் யார் வைத்துக்கொண்டார்கள் என்று அவன் கேட்டான். அம்மா போனுக்குப் பக்கத்தில் வந்து, "ஒன்னையாட்டம் இல்ல, நல்ல ஒசரம்" என்றார். அந்தப் பக்கம் அவன் சிரித்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். அக்கா இன்னும் உருமாலைக் கழற்றவில்லை. மகள் அவர் தோளில் தூங்கிப்போயிருந்தாள். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் ஓடிவந்து, கதவைத் திறக்கிற மாதிரி கையை வீசிக் காட்டி, "பாண்டியா? பாண்டியா?" என்றார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் வந்தார்.

"அவுங்க பாண்டி இல்லப்பா. சிதம்பரம். எங்க பேத்திக்குத் தாய்மாமன்."

ஆட்டோக்காரர் அக்காவை அண்ணாந்து பார்த்தார். உருமாலைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். பிறகு, "அப்ப மொதல்ல மாமன ஏறச் சொல்லுங்க, எடம் பத்தாது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.